மன்னார்க் கடலுணவும் ஆராய்ச்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தின் வடமேற்குக் கரையை அடுத்துள்ள மன்னார்த் தீவும், அதற்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி எனத் தொடரும் பெருநிலக் கரையும் முத்தினாற் புகழ் பெற்றவை. மாதோட்டத் துறைமுகத்தின் வாணிபத்தையும் திருக்கேதீச்சரத்தின் பழமையையும் பேசுவோர் முத்தையும் உடன் பேசாது விடுவதில்லை. எனினும், இக்கரையில் வாழ்ந்தோருட் பெரும்பாலோர்க்கு இது முத்துக்கடலன்று, உணவுக்கடல். சாளையும் சூடையும், நண்டும் இறாலும், வெயிலிற் காய்ந்த கருவாடுமே அவர்தம் வாழ்வு. அவ்வுணவு எப்பொழுது நஞ்சாகும், எதனால் நஞ்சாகும் என்னும் வினா அவர்க்கு உயிர் வினாவாகும். ஆயினும் விஞ்ஞானம் இக்கரைக்கு வந்த வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வினா நெடுங்காலம் பின்னிற்க நேர்ந்தமை புலனாகின்றது. அரசுக்கு வருவாய் தந்த சிப்பியைப் பற்றி ஐந்து பெருந் தொகுதிகள் எழுந்தன. ஏழையின் கலத்திற் கிடந்த மீனைப் பற்றி ஒரு கட்டளையும் சில ஐயவுரைகளுமே எஞ்சின.

அக்கட்டளை 1824ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பிறந்தது. திருகோணமலைப் பகுதியில் மார்கழி, தை மாதங்களிற் சாளை மீனை உண்டவர் மூன்று வேறு காலங்களில் இறந்தனர் என்னும் செய்தி தேசாதிபதிக்கு எட்டியது. அவ்விரு மாதங்களிலும் அம்மாவட்டத்திற் சாளை பிடித்தலாகாது. மீறுவோர்க்குத் தண்டமும் சிறையும் உண்டு எனத் தேசாதிபதியும் அவர்தம் ஆலோசனைச் சபையாரும் விதித்தனர். ஈழத்தில் உணவு நஞ்சு குறித்து ஆங்கில ஆட்சியார் பிறப்பித்த பழைய கட்டளைகளுள் இது ஒன்று எனலாம்.

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராகவிருந்த எமர்சன் ரெனன்ற் என்பார், 1861இல் வெளியிட்ட தமது இயற்கை வரலாற்று நூலில் இதனை எடுத்துரைக்கின்றார். மன்னாரிலிருந்து தெற்கே செல்லுங் கரையிலுள்ள சிலாபத்துச் சிறையில் 1829ஆம் ஆண்டளவிற் பன்னிருவர் இம்மீனால் நஞ்சுண்டனர் என்றும் அவர் குறிக்கின்றார். (சலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்குஞ் சொல். அவ்வூர்ப் பெயரே அதிலிருந்து வந்தது என்பாரும் உளர்.) ஆனால் ரெனன்ற் மீனைக் குற்றவாளியாக ஏற்க மனங்கொள்ளவில்லை. உண்டவரின் உடல்நிலை காரணமாகலாம். எவரேனும் வேண்டுமென்றே நஞ்சிட்டிருக்கலாம். சமைத்த பித்தளைக் கலமே காரணமாகலாம் என ஐயங்களை அடுக்கிச் சென்று, அரசு பொதுமக்கள் நம்பிக்கைக்கு இணங்கிவிட்டது என்று முடிக்கின்றார். கட்டளை நடைமுறையிலிருந்தும் மீன்பிடி நிற்கவில்லை என்பதும் அவர் கூற்றே.

ஐயுறுதல் விஞ்ஞானத்தின் கடமை. எனினும் அவ்வையத்தைத் தீர்க்க எவரும் அம்மீனை ஆராயவில்லை என்பது கருதற்பாலது. விடை வேறொரு கரையிலிருந்து, ஒன்றரை நூற்றாண்டு கழித்தே வந்தது. 1994இல் மடகஸ்காரில் இவ்வின மீனொன்றை உண்டு பெண்ணொருவர் இறந்தார். எஞ்சிய மீன்தலையை ஆராய்ந்த அறிஞர், அதிற் பலிற்றொக்சின் என்னும் கொடிய நஞ்சு இருந்தமையை 1999இல் வெளியிட்டனர். கடற்பாசிகளிலும் பவளப்பாறைகளிலும் பற்றி வாழும் ஒருவகை நுண்ணுயிர் இந்நஞ்சுக்கு மூலமாகலாமென அவர்கள் கருதினர். மீன் அந்நுண்ணுயிரை இரையோடு விழுங்க, நஞ்சு அதன் குடலில் தங்கும். சமைப்பதனால் அது அழியாது; மீனின் தோற்றத்திலோ மணத்திலோ வேறுபாடு தெரியாது. திருகோணமலையிலும் சிலாபத்திலும் கொன்றது இதுவே என்று இன்று உறுதிப்படுத்த வழியில்லை. எனினும் பருவத்தை அறிந்து அஞ்சிய மீனவர் கூற்று மூடநம்பிக்கை என ஒதுக்கத்தக்கதன்று என்பது இதனால் விளங்கும்.

ஆமையின் கதையும் இத்தகையதே. மன்னார்க் குடாவில் நாலடிக்கும் ஐந்தடிக்கும் இடைப்பட்ட நீளமுடைய ஆமைகள் அடிக்கடி அகப்பட்டன என்று ரெனன்ற் எழுதுகின்றார். புத்தளத்துக்கு வடக்கே கரைவழிச் சென்றபொழுது, ஆட்டிடையன் ஒருவன் ஆமையோட்டைக் கோல்களின்மேல் நிறுத்தி அதன் நிழலில் இளைப்பாறியதைக் கண்டதாகவும் கூறுகின்றார். இனிய காட்சிதான். ஆனால், கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் 1840ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஆமையிறைச்சி உண்ட 28 பேர் உடனே நோயுற்றனர். அறிவிழந்து, அவர்களுள் 18 பேர் அவ்விரவே மாண்டனர் என்பதும் அதே நூலிலுள்ளது. இறைச்சி வழக்கத்தினுங் கொழுப்பாயிருந்தது என்பதன்றி வேறொரு மாறுபாடும் தப்பியவர்க்குத் தோன்றவில்லை. ஏனைய ஆமைச் சாவுகளிற் கறியில் இட்ட வேறேதோ பொருள் காரணமாகலாம் என ரெனன்ற் இங்கும் ஐயுறுகின்றார். ஈழக் கரையோர மீனவரோ ஆமையின் ஈரலைக் காகத்துக்கு எறிந்து பார்ப்பர். காகம் தீண்டாவிடின் இறைச்சியை விலக்குவர். ஆய்வுகூடம் இல்லாத கரையில் அதுவே ஆய்வுகூடம். அழுங்காமையின் இறைச்சி சிற்சில வேளைகளில் நஞ்சாதலை இன்றைய மருத்துவம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ளது. 1961இற் கேரளத்துக் கொல்லத்திலும் இவ்வாறு பலர் இறந்தனர். ஆமை உண்ணும் இரையிலிருந்தே நஞ்சு வருகின்றது எனக் கருதுகின்றனர். எனினும் அந்நஞ்சின் இரசாயன அமைப்பு இன்னும் துணியப்படவில்லை. இலங்கையில் 1972 முதல் கடலாமைகள் யாவும் சட்டத்தாற் காக்கப்பட்டு வருகின்றன.

சாளைக்கும் ஆமைக்கும் கிட்டாத கவனம் முத்துச்சிப்பிக்குக் கிட்டியது. பார்களிற் சிப்பி சில ஆண்டுகள் செழிக்கும். பின் பல ஆண்டுகள் அடியோடு மறையும். மறைந்தால் அரசிறையும் மறையும். ஆகவே 1857இல் இலங்கையிற் பிறந்த இராணுவ மருத்துவர் எட்வேட் பிரடெரிக் கெலாட் இதனை ஆராய நியமிக்கப்பட்டார். சிப்பி தான் பற்றிய நூலை அறுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து மீண்டும் பற்றவல்லது என்றும், முத்துத் தோன்றுதற்கு ஒட்டுண்ணிப் புழுக்கள் காரணமாகலாம் என்றும் அவர் கண்டார். 1860இற் கப்பற் பயணத்தில் அவர் இறந்தமையால் ஆராய்ச்சி அறுந்தது.

1891க்குப் பின் பத்தாண்டுக்கு மேலாகக் குளிப்பு நிகழாதிருக்கவே, லிவர்ப்பூல் பல்கலைக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவர் யார் என்பது ஈண்டு சிறப்பாக நோக்கத்தக்கது. முத்தைத் தேடி வந்த அவர், வருமுன்னரே சிப்பியுணவினால் விளையும் கேட்டை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1894இல் அமெரிக்காவிற் கல்லூரி மாணவர் பலர், கழிவுநீர் கலந்த ஆற்றுமுகத்திற் கிடந்த சிப்பியை உண்டு நெருப்புக்காய்ச்சலுற்றனர். அதுமுதல் இவ்வாராய்ச்சி மேனாடுகளில் வேகங்கொண்டது. ஹேர்ட்மனும் நோய்க்கூற்று அறிஞர் ரூபேட் பொய்சும் சேர்ந்து நடத்திய சோதனைகளின் முடிபுகள் 1899இற் சிப்பியும் நோயும் பற்றிய நூலாக வெளிவந்தன. நெருப்புக்காய்ச்சற் கிருமி சிப்பியினுட் பெருகுவதில்லை; தூய கடல்நீர் ஓட்டத்திற் சிப்பியை வைத்தாற் கிருமி விரைவில் நீங்கும் என அவர்கள் கண்டனர். அதற்குமுன் 1897இல், பச்சைநிறங் கொண்ட ஒருவகைச் சிப்பியின் குருதிக்கலங்களிற் செம்பு செறிந்திருத்தலை எடுத்துக்காட்டியிருந்தனர். ரெனன்ற் பித்தளைக் கலத்திலே தேடிய செம்பை இவர்கள் உயிரின் உடலிலே கண்டனர் என்க. சிப்பி நாள்தோறும் பெருமளவு நீரை வடித்து உண்பது. நீரிலுள்ளது நன்றாயினும் தீதாயினும் அதன் உடலிற் சேரும். சூழலின் மாசு உணவின் மாசாகும் முறையை இதனினும் தெளிவாகக் காட்டும் உயிர் வேறொன்று கிடைத்தலரிது.

இத்தகைய அறிஞர் 1902 தை மாதத்தில், ஜேம்ஸ் ஹோர்ணலைத் துணைக்கொண்டு இலங்கை வந்து, மன்னார்க் குடாவின் பார்களை ஆராய்ந்தார். பெரியபாரில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான குஞ்சுச் சிப்பிகள் தோன்றியும் பயனின்றி அழிந்தன. தென்மேற்குப் பருவக்காற்றிற் புரளும் மணல் அவற்றை மூடியது. நட்சத்திரமீனும் கிளாத்தியும் திருக்கையும் எஞ்சியவற்றைத் தின்றன. நெரிசலாலும் பல மடிந்தன. ஆகவே குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்து வளர்க்க வேண்டும் என்றார். முத்தின் நடுவே நாடாப்புழுவின் இளங்கூடு உண்டென்றும், அப்புழு திருக்கை முதலிய மீன்களின் குடலில் முதிர்ச்சியடைகின்றதென்றும் காட்டினார். (பின்வந்தோர் சிலர் இதனை மறுத்தனர்.) 1903க்கும் 1906க்கும் இடையே ஐந்து தொகுதிகளை இலண்டன் வேத்தியற் கழகம் வெளியிட்டது. இந்து சமுத்திர உயிரினங்களைக் கற்பார்க்கு அவை இன்றும் களஞ்சியமாம்.

ஹேர்ட்மன் இங்கிலாந்துக்கு மீண்ட அதே 1902ஆம் ஆண்டின் நவம்பரில், வின்செஸ்ரரிலும் சவுத்தாம்ரனிலும் நகரபிதாக்கள் அளித்த விருந்துகளிற் கழிவுநீர் கலந்த சிப்பி பரிமாறப்பட்டு, விருந்தினர் பலர் நெருப்புக்காய்ச்சலுற்றனர். வின்செஸ்ரர்த் தேவாலய முதல்வரும் இறந்தார். நாடே கலங்கியது. விருந்துண்ட பெருமக்களின் நோய் விரைந்து ஆராயப்பட்டது. சிலாபத்துச் சிறையில் நோயுற்ற பன்னிருவர்க்கு அவ்வாய்ப்பில்லை.

அக்காலத்து மரிச்சுக்கட்டிப் பாளயத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மனிதர் வாழாத மணற்கரையிற் சில கிழமைகளுக்குப் பல்லாயிரவர் கூடினர். காயல்பட்டினம், கீழக்கரை, யாழ்ப்பாணம், மலையாளம், அரபு நாடு எனப் பல இடத்தாரும் வந்தனர். 1905இல் மட்டும் எட்டுக் கோடி அளவிலான சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசு பெற்றது 25 இலட்சம் ரூபாவாகும். மூன்றிலொரு பங்கு குளித்தவர்க்கு, எஞ்சியது ஏலத்துக்கு. வாங்கியவர் சிப்பியைத் தொட்டிகளிலும் வள்ளங்களிலும் இட்டு ஒரு கிழமைக்கு மேல் அழுகவிடுவர். ஈயின் புழுக்கள் தசையைத் தின்றபின் கடல்நீரிற் கழுவி முத்தைப் பொறுக்குவர். அந்நாற்றம் கடலிற் பல கல் தொலைவுக்கு வீசியது என்பர். அவ்வீக்களிடையே, அவ்வழுகல் நீரினருகே, பல்லாயிரவர் சமைத்துண்டனர். வாந்திபேதி புகுந்து குளிப்பைக் குலைத்த ஆண்டுகளும் உள. அரசு மருத்துவமனை அமைத்தது உண்மை, காவலும் வைத்தது. ஆனால், லிவர்ப்பூலில் உணவுச் சிப்பிக்குச் செய்த சோதனை இப்பாளயத்தின் நீருக்கும் மீனுக்கும் செய்யப்படவில்லை. அதற்கென அவர் அழைக்கப்படவுமில்லை. வாந்திபேதிக் கிருமி மிதவை உயிர்களையும் சிப்பிகளையும் பற்றிக் கடலோர நீரில் இயல்பாகவே வாழவல்லது என்பது 1970களுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

1906இற் பார்கள் இருபதாண்டுக் குத்தகையாகக் கம்பனியொன்றுக்கு அளிக்கப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி மறைந்தது. கம்பனியும் சில ஆண்டுகளிற் கலைந்தது. 1925இலும் 1958இலும் குளித்தனர்; பழைய வளம் திரும்பவில்லை. முத்து ஒழிந்தபின்னரும் மீன் இருந்தது.

இருபத்தோராம் நூற்றாண்டில் இக்கரையின் மீன்மீது படிந்த அச்சம் முற்றிலும் புதிய பொருளொன்றினால் வந்தது. 2021 மே 20இற் கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. (பேர்ள் என்பது முத்து. பெயரிட்டவர் இதனை எண்ணியிரார்.) நைத்திரிக் அமிலத்தோடு, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணைகளும் அதிலிருந்தன. மேற்குக் கரையில் மீன்பிடி தடுக்கப்பட்டது. தடையில்லாத இடத்து மீனையும் வாங்க மக்கள் அஞ்சினர். 2025 மே 25இற் கேரளக் கரைக்கப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னுங் கப்பல் மூழ்கியது. அடுத்த மாதத்திலேயே மன்னார் உள்ளிட்ட வடமேற்குக் கரையிற் குருணைகள் ஒதுங்கின. சிப்பியைத் தேடிக் குனிந்த கரையில் இப்பொழுது பிளாஸ்டிக் மணிகளைப் பொறுக்கக் குனியலாயினர்.

இக்குருணை தன்னளவில் ஒரு பொருள். அது சுமப்பது வேறொன்று. கடலிற் கரைந்துள்ள எண்ணெய்ப் பாங்கான நஞ்சுகளை அது தன்மேல் ஈர்த்துச் சேர்க்கின்றது என்பதைத் தோக்கியோவில் தக்காடா முதலிய ஆராய்ச்சியாளர் 2001இற் காட்டினர். இலங்கைக் கடலியலாளர் ஆஷா டி வோஸ் முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, எக்ஸ்-பிரஸ் பேர்ளின் எரிந்த பிளாஸ்டிக்கின் சேர்க்கை எரியாத குருணையினதைவிடச் சிக்கலானது என்பதை எடுத்துரைத்தது. எனவே ஒதுங்கிய குருணைகளை நிறுத்துப் பார்த்தல் மட்டும் போதாது. எவை எரிந்தவை, எவை நெடுநாள் மிதந்தவை எனப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

மீனின் குடலிற் குருணை கிடத்தல் ஒன்று. உண்ணுந் தசையில் நஞ்சு சேர்தல் மற்றொன்று. பாரை, அறுக்குளா போன்ற பெருமீனைக் குடல் களைந்தே சமைப்பர். ஆகவே அம்மீனிற் குருணை கண்டவுடன் உணவே நஞ்சென அஞ்சி மீனவன் பிழைப்பைக் கெடுத்தற்குக் காரணமில்லை. நெத்தலிக் கருவாடோ குடலோடு காய்ந்து, குடலோடு பொரிந்து, குடலோடு கலத்துக்கு வருவது. ஹேர்ட்மன் ஆராய்ந்த உணவுச் சிப்பியும் அவ்வாறு முழுமையாக உண்ணப்படுவதே. மன்னாரிற் காயும் நெத்தலியின் குடலும் சூடையின் குடலும் பருவந்தோறும் சோதிக்கப்பட வேண்டியது இதனாலேயாம்.