எழுத்து மாதிரி இருக்கும், ஆனா படிக்க முடியாது: கே.சி.எஸ். பணிக்கர் ஓவியங்களை எப்படிப் பார்க்கலாம்?

வீட்டில் பழைய ஜாதக நோட்டு இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சதுரக் கட்டம், அதற்குள் சின்னச் சின்ன எழுத்து, ஓரத்தில் எண்கள், கீழே நெருக்கமாக நாலைந்து வரிகள். ஜோசியம் தெரியாதவருக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் 'இதுல ஏதோ முக்கியமா எழுதியிருக்கு' என்று மட்டும் தோன்றும்.

அந்த உணர்வையே பெரிய கேன்வாஸில் கொண்டுவந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவரது ஓவிய வரிசை இந்திய நவீன ஓவியத்தில் ஒரு திருப்புமுனை. சென்னை ஈ.சி.ஆர். சாலையில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமமும் அவர் முன்னின்று உருவாக்கியதுதான்.

யார் இவர், இந்த இடத்துக்கு எப்படி வந்தார், எப்படி வேலை செய்தார்? பார்ப்போம்.

யார் இந்த பணிக்கர்?

1911 மே 31 அன்று கோயம்புத்தூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு கேரளாவின் பொன்னானியில். அங்கே இருந்த கால்வாய், தென்னந்தோப்பு, பச்சை வயல் எல்லாம்தான் அவருடைய முதல் பாடம். சின்ன வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிவிட்டார்.

ஆனால் ஓவியப் பள்ளிக்கு நேராக வர முடியவில்லை. குடும்பச் சூழ்நிலையால் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். 1936-ல்தான் மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1850-ல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளிதான் இன்று எழும்பூர் பக்கம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி.

அப்போது அங்கே தலைவராக இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நகர்த்தும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். 1940-ல் படிப்பு முடிந்தது. பிறகு அதே பள்ளியில் பணிக்கர் ஆசிரியரானார். 1957-ல் ராய் சௌத்ரிக்கு அடுத்து முதல்வராக வந்து, 1967 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஆரம்பத்தில் என்ன வரைந்தார்?

முதல் கட்டத்தில் நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகள். ஈரமும் வெளிச்சமும் நிறைந்த படங்கள். பார்த்தவுடனே பிடிக்கும் வகை. அதிலேயே அவருக்கு நல்ல பெயரும் கிடைத்தது.

1944-ல் நண்பர்கள், மாணவர்களோடு சேர்ந்து 'முற்போக்கு ஓவியர் சங்கம்' தொடங்கினார். மெட்ராஸில் புது முயற்சி செய்யும் ஓவியர்கள் கூடிப் பேசவும், கண்காட்சி வைக்கவும் அது ஒரு மேடை ஆனது.

இரண்டாவது கட்டத்தில் மனிதர்கள் வந்தார்கள். தாயும் சேயும், ஏழைகள், புத்தர், ஏசு என்று உருவங்கள். இந்தக் காலப் படங்களில் கனமான வண்ணப்பூச்சும், வான்கோ போன்ற ஐரோப்பிய ஓவியர்களின் சாயலும் தெரியும்.

1954-ல் லண்டனிலும் பாரிஸிலும் அவரது ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே நவீன ஓவியத்தை நேரில் பார்த்தார். மூன்றாவது கட்டம் அதற்குப் பிறகு வந்தது. 1950-களின் பிற்பகுதியில் வரைந்த 'தோட்டம்' வரிசையில் ஆழமும் தூரமும் குறைந்து, உருவங்கள் எளிமையாகி, படம் தட்டையாகத் தொடங்கியது.

சரி, இதில் பிரச்சனை எங்கே?

அன்றைக்கு எல்லா இந்திய ஓவியர்கள் முன்னாலும் ஒரு கேள்வி நின்றது. பாரிஸில் என்ன நடக்கிறதோ அதை வாங்கி வரைந்தால் 'காப்பி' என்பார்கள். பழைய கோயில் சுவரோவியம் மாதிரி வரைந்தால் 'இது அந்தக் காலத்து விஷயம்' என்பார்கள். அப்படியானால் இன்றைக்கு, இந்த ஊரில் இருந்து வரைகிற ஒருவரின் ஓவியம் எப்படி இருக்க வேண்டும்?

ஐம்பது வயதைத் தாண்டியவர், அரசு ஓவியப் பள்ளியின் முதல்வர், நாடு முழுக்கத் தெரிந்த பெயர். பழைய பாணியிலேயே வரைந்துகொண்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பணிக்கர் மாறினார்.

கணக்கு நோட்டில் கிடைத்த வழி

1963 வாக்கில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் பட்டது. எண்கள், அல்ஜீப்ரா எழுத்துகள், வடிவியல் படங்கள். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்பதை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை மட்டும் அவர் கவனித்தார். புது வழி அங்கேதான் தெரிந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

முதலில் எண்களும் ரோமன் எழுத்துகளும் கணிதக் குறிகளும் படத்துக்குள் வந்தன. போகப்போக அந்த இடத்தை மலையாளம் போலத் தெரியும் எழுத்துகள் பிடித்தன. கூடவே ஜாதகக் கட்டம், அட்டவணை, வட்டம், நடுநடுவே மீன், பாம்பு, பறவை மாதிரி சின்ன உருவங்கள்.

முக்கியமான விஷயம் இதுதான்: அவை நிஜ எழுத்து இல்லை. மலையாளம் நன்றாகத் தெரிந்தவராலும் படிக்க முடியாது. படிக்க முடிந்திருந்தால் நம் கண் உடனே அர்த்தத்தைத் தேடிப் போயிருக்கும். படிக்க முடியாததால், கோட்டையும் வளைவையும் இடைவெளியையும் பார்க்கத் தொடங்குகிறோம்.

அவர் வேலை செய்த விதம்

இந்த வரிசைப் படங்களில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்.

ஒன்று, தளம் தட்டையாக இருக்கும். அருகில், தூரத்தில் என்ற பிரிவு கிடையாது. ஒரு சுவரையோ ஏட்டையோ பார்ப்பது போல இருக்கும்.

இரண்டு, கோடுதான் எல்லாம். வண்ணம் பின்னணியாக நிற்க, மெல்லிய கோடு படம் முழுக்க ஓடும். கோட்டுக்குக் கிடைத்த இந்த மரியாதை பிறகு 'மெட்ராஸ் இயக்கம்' என்றே அழைக்கப்பட்ட ஓவியர்களின் அடையாளமாகவும் ஆனது.

மூன்று, மையம் கிடையாது. 'இவர்தான் ஹீரோ' என்று எந்த உருவமும் இல்லை. மேல் மூலையில் தொடங்கலாம், கீழிருந்தும் வரலாம். கண் தன் இஷ்டத்துக்கு நடக்கும்.

தாந்திரிக யந்திரங்களின் சாயல் இருப்பதால் சிலர் இதை 'நவ தாந்திரிக ஓவியம்' என்று வகைப்படுத்தினார்கள். ஆனால் படத்தை ரசிக்க மந்திரமும் வேண்டாம், ஜோசியமும் வேண்டாம்.

ஓவியர் எப்படிச் சாப்பிடுவார்?

பணிக்கரை இன்னொரு கேள்வியும் துரத்தியது. படித்து முடித்த மாணவர்கள் என்ன ஆவார்கள்? 1960-களின் மெட்ராஸில் நவீன ஓவியத்தை வாங்க ஆள் குறைவு. நல்ல திறமைசாலிகள்கூட வேறு வேலைக்குப் போய், தூரிகையைக் கீழே வைத்துவிடும் நிலை.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி பாட்டிக். உருக்கிய மெழுகால் துணியில் படம் வரைந்து, சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம். கடைசியில் மெழுகை நீக்கினால் படம் தெரியும். ஓவியம் வாங்கத் தயங்குகிறவர்கள் துணியை வாங்கினார்கள்.

கைவினைப் பொருட்கள் விற்ற பணத்தில் இஞ்சம்பாக்கம் கடற்கரை அருகே மணல் நிலம் வாங்கினார்கள். 1966-ல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. காலையில் கைவினை, மீதி நேரம் சொந்த ஓவியம் என்பதுதான் கணக்கு. முதலில் கூரைக் கொட்டகைகள், பிறகு மெல்ல மெல்ல வீடுகள். ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி என்று பலர் அங்கே வேலை செய்தார்கள். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் அங்கிருந்தே சிற்பியாகப் பெயர் பெற்றார்.

1967-ல் ஓய்வு பெற்ற பணிக்கர் கடைசி வரை வரைந்தார். 1976-ல் லலித் கலா அகாடமியின் ஃபெல்லோ ஆனார். 1977 ஜனவரியில் மறைந்தார்.

ஏன் இன்றும் பேசுகிறோம்?

பணிக்கரின் இரண்டு முயற்சிகளும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. என்ன வரைவது என்று பாரிஸைக் கேட்கவில்லை. எப்படிப் பிழைப்பது என்று பணக்காரர்களையும் அரசையும் மட்டும் நம்பி இருக்கவில்லை. ஜாதக நோட்டு, கணக்கு நோட்டு, மெழுகுத் துணி என்று கைக்கு எட்டிய பொருட்களிலிருந்தே இரண்டுக்கும் பதில் தேடினார்.

எங்கே பார்க்கலாம்?

அடையாறிலிருந்து திருவான்மியூர் வந்து, ஈ.சி.ஆரில் நீலாங்கரையைத் தாண்டினால் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் வரும். 2009-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பணிக்கரோடு மெட்ராஸ் இயக்க ஓவியர்கள், சிற்பிகள் பலரின் படைப்புகளும் இருக்கின்றன. திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்களுக்கு, அங்கே அவர் பெயரிலேயே ஒரு கலைக்கூடம் உண்டு.

போனால் ஒரு படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 'இதுல என்ன எழுதியிருக்கு?' என்ற கேள்வி முதலில் வரும். அது ஓய்ந்த பிறகு கண்ணில் படுவதுதான் பணிக்கர் வரைந்த படம்.