இரப்பரும் அமேசான் காட்டு மக்களும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் இரப்பரை விலக்கி எழுத இயலாது. ஆயினும் அம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடே. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த மரங்களின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் மலாயாவில் தோட்டங்கள் எழுந்ததும், பால்மரம் வெட்டத் தமிழர் கொண்டுவரப்பட்டதும் மாணவர் அறிந்தவையே. அதே காலத்தில் அம்மரத்தின் தாயகத்தில் வாழ்ந்த பழங்குடியினர்க்கு நேர்ந்ததைப் பலரும் அறியார்.

அமேசானில் இரப்பர் மரங்கள் காடெங்கும் சிதறி நின்றன. உலகச் சந்தையில் விலை ஏற ஏற, வணிகர் பழங்குடியினரை ஆயுதமுனையில் பிடித்துப் பால் எடுக்கச் செய்தனர். புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் நிகழ்ந்த சாட்டையடி, பட்டினி, கொலை ஆகியவற்றை 1910இல் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் நேரில் ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1912இல் வெளியாயிற்று. பெரு நாட்டின் மானு ஆற்றுப் பகுதியில், 1894இல் இரப்பர் வணிகர் கார்லோஸ் பிட்ஸ்கரால்டின் ஆட்கள் மாஷ்கோ மக்களைப் பெருந்தொகையாகக் கொன்றனர். தப்பியோர் பேராற்றங்கரைகளை நீத்துச் சிற்றாறுகளின் தலைப்பகுதிக்குள் மறைந்தனர். இன்று வெளியாரை அணுகவிடாது வாழும் மாஷ்கோ பிரோ மக்கள் அவர்தம் வழியினராகக் கருதப்படுகின்றனர்.

ஆகவே, 'வெளித்தொடர்பற்ற மக்கள்' எனப்படுவோருள் பலர் உலகை அறியாதவர் அல்லர்; அதன் கொடுமையை அறிந்து விலகியவர். அவர்தம் தனிமை அறியாமையன்று. முன்னோர் பட்ட துன்பத்தால் விளைந்த முடிவாகும்.

இவ்வுண்மையை அரசுகள் காலந்தாழ்த்தியே உணர்ந்தன. பிரேசிலில் 1910இல் நிறுவப்பெற்ற பழங்குடியினர் காப்புத்துறை, கத்தி, பானை முதலிய பரிசுகளைக் காட்டில் தொங்கவிட்டு அவர்களை ஈர்த்தது. நோக்கம் நல்லதே. ஆனால், வெளியுலக நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அவர்தம் உடலுக்கு இல்லை. சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் ஊர்களை அழித்தன. பெருவில் 1984இல் மரம் வெட்டுவோருடன் தொடர்பு ஏற்பட்டபின், நாகுவா மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர்.

சிட்னி பொசுவெலோ முதலிய அலுவலர்களின் முயற்சியால், 1987இல் பிரேசில் தன் கொள்கையை மாற்றியது. மக்களை நாடிச் செல்லாமல், அவர்தம் நிலத்தைக் காப்பதே கடமை என்றாயிற்று. 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பழங்குடியினரின் நிலவுரிமையை ஏற்றது. ஏறத்தாழ 85,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஜவாரிப் பள்ளத்தாக்கு 2001இல் அவர்களுக்குரியதென உறுதி செய்யப்பட்டது. நிலம் காக்கப்படின் காடு உணவளிக்கும். நோயும் துப்பாக்கியும் எட்டா.

எனினும் சட்டம் மட்டும் போதாது. ரொண்டோனியா மாநிலத்தில் தன் இனத்தார் அனைவரையும் இழந்த ஒருவர் 1996இல் கண்டறியப்பட்டார். அணுகியோரை அம்பெய்து விலக்கிய அவருக்காக 8,070 ஹெக்டர் காடு காக்கப்பட்டது. 2022இல் அவர் தனியராகவே இறந்தார். அவர் பெயரையும் மொழியையும் அறிந்தார் எவருமிலர். காப்பு காலத்தே வாராவிடில் எஞ்சுவது காடு மட்டுமே என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அதே ஆண்டில் ஜவாரிப் பழங்குடியினர்க்காக உழைத்த புருனோ பெரைராவும் செய்தியாளர் டோம் பிலிப்சும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1913 அளவில் ஆசியத் தோட்ட இரப்பர் அமேசான் காட்டு இரப்பரை விஞ்சியது. அங்கு வணிகம் சரிந்து, இரப்பருக்கான ஆள்வேட்டையும் தளர்ந்தது. இன்று அக்காட்டை நெருக்குவன மரமும் பொன்னும் எண்ணெயும் மேய்ச்சல் நிலமுமாம். பொருள் மாறினும் வேட்கை மாறவில்லை. இரப்பரின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், மலாயாத் தோட்டங்களில் வியர்வை சிந்தியோரோடு, அமேசான் காட்டுக்குள் ஓடி ஒளிந்தோரையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், அவ்வரலாறு முழுமை பெறும்.