காடு மல்லேஸ்வரரும் ஆண்பனையும்

மல்லேஸ்வரத்தில் குடியிருக்கும் தமிழர்கள் காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு ஒருமுறையாவது போயிருப்பார்கள். சிவாஜியின் தம்பி ஏகோஜி இந்தக் கோயிலுக்கு கிராம மானியம் விட்டதை 1669-ஆம் வருஷத்துக் கல்வெட்டு சொல்கிறது. (பிறகு தஞ்சாவூரைப் பிடித்தாரே, அதே ஏகோஜிதான்!) 1898-ல் பிளேக் வந்தபிறகு இந்தப் பக்கம் வீடுகள் பெருகின. காடு போய்விட்டது, சாமி பெயரில் மட்டும் மிச்சம்.

சிவனுடைய காடு என்றால் எனக்கு இளன் கதைதான் ஞாபகம் வரும். கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிட்டதால் நம்மில் பலருக்கு இது தெரியாது; வால்மீகியின் உத்தர காண்டத்தில் வருகிறது. வேட்டைக்குப் போன ராஜா இளன், சிவனும் பார்வதியும் இருந்த காட்டுக்குள் நுழைகிறான். சிவனே அங்கே பெண்ணுருவில் இருக்கிறார். மிருகங்கள் மட்டுமா, ஆண் பெயர் கொண்ட மரங்கள்கூடப் பெண்ணாகிவிட்டன. இளனும் பெண்ணாகிறான். அழுது கெஞ்சியபிறகு ஒரு மாதம் ஆண், ஒரு மாதம் பெண் என்று வரம் கிடைக்கிறது. பெண்ணாக இருந்தபோது புதனுக்குப் பெற்ற பிள்ளைதான் புரூரவஸ். பாண்டவர்கள் வரைக்கும் அந்த வம்சம்தான்.

நம்மூரிலும் உண்டு. செய்யாறு திருவோத்தூரில், 7-ஆம் நூற்றாண்டில், சம்பந்தர் பதிகம் பாடி ஆண்பனைகளைக் காய்க்க வைத்தார் என்கிறது பெரியபுராணம். அங்கே தலமரமே பனை. அற்புதம் இருக்கட்டும், பனை வளர்த்தவர்களைக் கேளுங்கள்: பூக்கப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும், அதுவரை ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. பப்பாளியில் ஆண்மரமே சில சமயம் காய்த்துவிடும்.

ஆண், பெண், இயற்கை என்று நாம் போட்ட கோடுகளைக் காட்டை வைத்தே கேள்வி கேட்கும் படிப்புக்கு இப்போது குயர் சூழலியல் என்று பெயர். 2010-ல் சாண்டிலாண்ட்ஸும் எரிக்சனும் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டுரைத் தொகுப்பு கொண்டுவந்தார்கள்.

1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, 'இயற்கையின் ஒழுங்குக்கு எதிரான' உறவுக்கு ஆயுள் தண்டனை வரை வைத்தது. எந்தக் காட்டைப் பார்த்து எழுதினானோ! வயதுவந்த இருவர் சம்மதித்த உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆனால் பிள்ளை வீட்டில் வாயைத் திறந்தால் நாம் இன்னும் அதே வார்த்தையைத்தான் எடுக்கிறோம்: இயற்கைக்கு விரோதம், வெளிநாட்டுப் பழக்கம். அந்த வாசகம்தான் வெளிநாட்டிலிருந்து வந்தது.

அதற்காக அந்தக் காலத்தில் எல்லோரையும் ஆரத்தி எடுத்து வரவேற்றார்கள் என்று சொல்லமாட்டேன். இளன் பயந்ததும் அதே கதையில்தான் இருக்கிறது. கடைசியில் அவனுக்காக அசுவமேதம் செய்து, நிரந்தரமாக ஆணாக்குகிறார்கள்.