ஒரு தவணையிலிருந்து இரு தவணைக்கு: சின்னம்மைத் தடுப்பூசி கடந்த பாதை

‘தடுப்பூசி போட்ட பிறகும் அம்மை வந்துவிட்டதே’ என்ற கேள்விக்குச் சின்னம்மைத் தடுப்பூசியின் வரலாற்றிலேயே விடை உள்ளது.

1964ஆம் ஆண்டு, ஜப்பானிய வைரஸ் ஆய்வாளர் மிச்சியாக்கி தகஹாஷி அமெரிக்காவில் பணியாற்றியபோது, அவருடைய மூன்று வயது மகனைச் சின்னம்மை கடுமையாகத் தாக்கியது. காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்ட மகனின் துன்பமே அவரைத் தடுப்பூசி ஆய்வுக்குத் திருப்பியது. ஒசாகா திரும்பிய அவர், ஒரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து பிரித்தெடுத்த வைரஸை மனித உயிரணுக்களிலும் கினிப்பன்றி உயிரணுக்களிலும் தொடர்ந்து வளர்த்து வீரியத்தைக் குறைத்தார். மருத்துவமனையில் நோய் தலைகாட்டியபோது அங்கிருந்த பிற குழந்தைகளுக்கு அத்தடுப்பூசி போடப்பட்டுப் பரவல் தடுக்கப்பட்டதை அவரது குழு 1974இல் ‘லான்செட்’ இதழில் பதிவுசெய்தது.

1995இல் அமெரிக்கா இத்தடுப்பூசிக்கு ஒப்புதல் அளித்தது. அதற்குமுன் அங்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகினர். நூறு பேருக்கும் மேல் இறந்தனர். ஒரு தவணைத் திட்டத்தால் இவ்வெண்ணிக்கைகள் பெரிதும் சரிந்தன. ஆயினும், பெரும்பாலான மாணவர்கள் தடுப்பூசி பெற்றிருந்த பள்ளிகளிலும் நோய் பரவியது.

இதைத் தோல்வி என்பது பிழை. ஒரு தவணை, எவ்வகைச் சின்னம்மையையும் தடுப்பதில் 80 முதல் 85 விழுக்காடு பயனளிக்கிறது. அதாவது, தடுப்பூசி பெறாத 100 குழந்தைகள் நோயுறும் சூழலில், பெற்ற 100 பேரில் 15 முதல் 20 பேர் நோயுறலாம். கடுமையான நோயைத் தடுப்பதிலோ அதன் பயன் 95 விழுக்காட்டுக்கும் மேல். தடுப்பூசிக்குப் பின் வரும் அம்மையில் பெரும்பாலும் 50க்கும் குறைவான கொப்புளங்களே தோன்றும்; எனினும் அது பிறருக்குத் தொற்றும். குழந்தையைக் காக்க ஒரு தவணை பெருமளவு போதும். பரவலை நிறுத்தப் போதாது. ஆகவே 2006இல் அமெரிக்க வல்லுநர் குழு இரண்டாம் தவணையைப் பரிந்துரைத்தது.

தடுப்பூசி பிறந்த ஜப்பானே 2014இல்தான் அதனை வழக்கமான குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. தகஹாஷி முந்தைய ஆண்டே மறைந்திருந்தார்.

இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகம் இரு தவணைகளைப் பரிந்துரைக்கிறது; அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இத்தடுப்பூசி இல்லை. எனவே பணம் செலுத்த இயன்றவர் வீட்டுக் குழந்தைகளையே அது பெரும்பாலும் சென்றடைகிறது. ஒரு சாராருக்கு மட்டும் போட்டால், எஞ்சியோர் நோய் கடுமையாகும் வளர்ந்த வயதில் அதற்கு ஆளாகக்கூடும் என்பதால், 80 விழுக்காட்டுக்குக் குறையாத பரவலாக்கத்தை உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. மருந்தின் திறனைப் பற்றிய ஐயம் தீர்ந்துவிட்டது; அது யாரைச் சென்றடைகிறது என்பதே இங்கு மீதமிருக்கும் கேள்வி.