வீட்டைக் கட்டி, கல்யாணத்தையும் பண்ணி...

கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது என்று தெரிந்தால் போதும். சமையல்காரரிலிருந்து பந்தல்காரர் வரை யாரிடமும் பேரம் பேச முடியாது. வீடு கட்டுவது அப்படியில்லை. சிமெண்ட் விலை ஏறினால் ரெண்டு மாசம் வேலையை நிறுத்திவைக்கலாம். அதனால்தான் நம் பெரியவர்கள் வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டையும் ஒரே முகூர்த்தத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினார் ஒருவர். கனடாவின் மாண்ட்ரீல் நகர மேயர் ழான் டிராப்போ.

மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. 1967ல் உலகக் கண்காட்சி நடத்தி ஐந்து கோடிப் பார்வையாளர்களை இழுத்தவர். 1976 ஒலிம்பிக்ஸை நடத்தும் உரிமைக்கு மாஸ்கோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் மோதிக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்து, 1970ல் அதைத் தட்டிக்கொண்டு போனவர். செலவு 31 கோடி கனடிய டாலர் என்றார். அதையும் நாணயம், தபால்தலை, லாட்டரிச் சீட்டு விற்றே எடுத்துவிடலாமாம். 1973 ஜனவரியில் ஒருபடி மேலே போனார். ஆம்பிளைக்கு எப்படிப் பிரசவம் ஆகாதோ, அப்படித்தான் இந்த ஒலிம்பிக்ஸில் நஷ்டமும் வராது என்று அடித்துச் சொன்னார்.

உலகம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. வரிசையாக பில் அனுப்ப ஆரம்பித்தது.

முதல் பில் ம்யூனிக்கிலிருந்து. 1972 செப்டம்பரில் அங்கே நடந்த ஒலிம்பிக்ஸில் பாலஸ்தீன ஆயுதக் குழு ஒன்று புகுந்தது. 11 இஸ்ரேலிய வீரர்களும் பயிற்சியாளர்களும் கொல்லப்பட்டார்கள். அதுவரை விளையாட்டுப் போட்டிக்குக் காவல் என்றால் டிக்கெட் கிழிக்கிற இடத்தில் நாலு பேர். அதற்குப் பிறகு ராணுவமே வரவேண்டியதாகிவிட்டது. மாண்ட்ரீலில் பாதுகாப்புக்கு மட்டும் சுமார் 10 கோடி டாலர் ஆனது.

இரண்டாவது பில் மேற்கு ஆசியாவிலிருந்து. 1973 அக்டோபரில் இஸ்ரேலுடன் எகிப்தும் சிரியாவும் மோதின. அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடின. பேரல் 3 டாலர் சொச்சத்துக்கு விற்ற கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. எங்கோ நடந்த சண்டைக்கும் மாண்ட்ரீல் மைதானத்துக்கும் என்ன சம்பந்தம்? எண்ணெய் ஏறினால் லாரி வாடகை ஏறும், இரும்பு ஏறும், சிமெண்ட் ஏறும். விலைவாசி ஏறினால் கூலி கேட்பார்கள். கேட்டார்கள். வேலைநிறுத்தத்தில் மாசக்கணக்கில் நாள்கள் போயின.

மைதானமோ சாதாரண மைதானம் இல்லை. ரோஜே தாய்பெர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வரைந்தது. சாய்ந்து நிற்கும் ஒரு பெரிய கோபுரம். அதிலிருந்து கேபிள்களால் இழுத்துத் திறந்து மூடுகிற கூரை. படத்தில் பிரமாதமாகத்தான் இருந்தது. கனடா குளிரில், காலெண்டரைப் பார்த்துக்கொண்டே கட்டுவதுதான் கஷ்டம். கான்ட்ராக்டருக்கும் தேதி தெரியும். தொழிலாளிக்கும் தெரியும். பேரம் பேச வழியில்லாமல் நின்றவர் மேயர் மட்டுமே. பத்திரிகை கார்ட்டூனிஸ்ட் ஒருவர், டிராப்போ நிறைமாத வயிற்றோடு டாக்டருக்கு போன் போடுவதுபோல் படம் போட்டார்!

1975 நவம்பரில் க்யூபெக் மாகாண அரசு, கட்டுமானத்தை மேயரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. 1976 ஜூலை 17 அன்று எலிசபெத் மகாராணி தொடங்கிவைத்தபோது கோபுரம் பாதியில் நின்றது. கூரை வரவே இல்லை.

மூன்றாவது பில் அதே வாரத்தில் வந்தது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு நியூசிலாந்தின் ரக்பி அணி விளையாடப் போயிருந்தது. ஜூன் மாதம்தான் சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். நியூசிலாந்தை வெளியேற்று, இல்லையென்றால் நாங்கள் கிளம்புகிறோம் என்றன ஆப்பிரிக்க நாடுகள். ரக்பி எங்கள் விளையாட்டே இல்லை என்று ஒலிம்பிக் கமிட்டி கையை விரித்தது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் பெட்டியைக் கட்டின. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. உலகமே பார்க்கிற அந்தத் தேதியை விட்டால் அவர்களுக்கு வேறு ஆயுதமும் இல்லை. 1,500 மீட்டரில் தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயியும் நியூசிலாந்தின் ஜான் வாக்கரும் மோதுவதைப் பார்க்கக் காத்திருந்தவர்கள், வாக்கர் மட்டும் ஓடித் தங்கம் வாங்குவதைப் பார்த்தார்கள்.

நாதியா கொமனேச்சி என்ற 14 வயதுப் பெண் பத்துக்குப் பத்து வாங்கியது, இத்தனைக்கும் நடுவே கிடைத்த நிஜமான சந்தோஷம்.

16 நாளில் எல்லாம் முடிந்தது. மொத்தக் கணக்கு சுமார் 150 கோடி டாலர். யார் கட்டுவது? க்யூபெக் அரசு புகையிலை மீது சிறப்பு வரி போட்டது. கடைசித் தவணை கட்டி முடித்த வருஷம் 2006. முப்பது வருஷம்! நாதியா ஆடியபோது பிறந்தே இராத பையன்கள், சிகரெட் வாங்கும்போதெல்லாம் அந்தக் கடனைக் கட்டினார்கள். வாக்குறுதி தந்த டிராப்போ, அதன் பிறகும் இரண்டு தேர்தலில் ஜெயித்து, 1986 வரை மேயராக இருந்து, 1999ல் காலமாகியிருந்தார்.

மாண்ட்ரீலைப் பார்த்து மற்ற நகரங்கள் மிரண்டன. 1984 ஒலிம்பிக்ஸுக்குக் கடைசிவரை போட்டியில் நின்றது லாஸ் ஏஞ்சல்ஸ் மட்டும்தான். எங்கள் வரிப்பணத்தைத் தொடாதே என்று அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அதனால் 1932 ஒலிம்பிக்ஸ் நடந்த அதே பழைய மைதானத்தைத் துடைத்து வைத்தார்கள். ஸ்பான்சர்களைப் பிடித்தார்கள். சோவியத் யூனியனும் அதன் தோழர்களும் வராமல் புறக்கணித்தும், 20 கோடி டாலருக்கு மேல் லாபம். அவர்களும் தேதி குறித்தவர்கள்தான். ஆனால் வீடு ஏற்கெனவே கட்டியிருந்தது. கல்யாணத்தை மட்டும் பண்ணினார்கள்.

மாண்ட்ரீல் கோபுரமும் கூரையும் 1987ல் ஒருவழியாக முடிந்தன. கூரை அடிக்கடி கிழிந்தது. 1998ல் மாற்றினார்கள். மறு வருஷமே பனி விழுந்து அதுவும் கிழிந்தது. 2024ல் க்யூபெக் அரசு புதிய கூரை ஒன்றை அறிவித்தது. மதிப்பீடு, 87 கோடி டாலர்.

டிராப்போ ஒலிம்பிக்ஸ் முழுவதற்கும் சொன்னது, 31 கோடி.