மரத்தில் பிறந்த முழக்கம்

நமது கல்லூரி மெல்லிசைக் குழுவுக்குப் புதிதாக ஒரு ஸ்நேர் ட்ரம் வாங்கித் தருவது என்று எங்கள் பேட்ச் நண்பர்கள் முடிவு செய்தபோது, "நீதானே அந்தக் காலத்து ட்ரம்மர், நீயே பார்த்து வாங்கிடுடா" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மறுக்க முடியவில்லை. மறுக்க முடியாததற்கு நண்பர்கள் அறியாத காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வாத்தியத்தின் கதை.

ட்ரம்ஸ் செட்டில் வாசிப்பவரின் இரு முழங்கால்களுக்கு நடுவே நிற்கிறதே, அதுதான் ஸ்நேர். பெரும்பாலும் 14 அங்குல விட்டம். ஆழம் 5 முதல் 6½ அங்குலம். கீழ்த்தோலை ஒட்டி மெல்லிய சுருள் கம்பிகள் ஓடும். மேலே ஓர் அடி விழுந்தால் உள்ளிருக்கும் காற்று கீழ்த்தோலை அதிர வைக்கும். அது கம்பிகளில் மோதி 'சர்ர்' என்று இரையும்.

ஐரோப்பியப் படைகளில் சிப்பாய்கள் இடுப்போரம் தொங்கவிட்டு அடித்த முரசுதான் இதன் பாட்டன். அன்று கம்பிக்குப் பதில் குடல்நார், இறுக்குவதற்குக் கயிறு. 1909-ல் சிகாகோவில் லட்விக் சகோதரர்கள் வேகமாக மிதிக்கக்கூடிய பெடலைத் தயாரித்துத் தங்கள் கம்பெனியைத் தொடங்கினார்கள். பெரிய ட்ரம்மைக் கால் பார்த்துக்கொண்டதால், இரண்டு கைகளும் ஸ்நேருக்குக் கிடைத்தன.

1930களின் நடுப்பகுதியில் அதே சிகாகோவின் ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனி 'ரேடியோ கிங்' என்ற ஸ்நேரைக் கொண்டுவந்தது. ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் பதமாக்கி வட்டமாக வளைத்து, முனைகளைச் சேர்த்து ஒட்டி, உள்ளே மேலும் கீழும் வலுவுக்கு வளையம் வைத்தார்கள். மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின், ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும். ஆறினால் மறுபடி இறுகும். அவ்வளவுதான் சூட்சுமம். 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் பென்னி குட்மன் குழுவில் வாசித்து அரங்கை அதிர வைத்த ஜீன் க்ரூபா, இந்தக் கம்பெனியின் விளம்பர முகம்.

பிறகு யுத்தம் வந்தது. 1942-ல் அமெரிக்க அரசு வாத்தியங்களுக்குச் செலவாகும் உலோகத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தவே, ஸ்லிங்கர்லேண்ட் 'ரோலிங் பாம்பர்' என்ற பெயரில் மேல் வளையம், திருகு தாங்கிகள் வரை மரத்திலேயே செய்தது. 1957 வாக்கில் பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தது. கன்றுத்தோல் மழை நாளில் தொய்யும், வெயிலில் விறைக்கும்; அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் தோல்தான் மாறியதே ஒழிய, மரம் அதே மரம்தான்!

1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழுவை அமெரிக்கத் தொலைக்காட்சியில் சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். ரிங்கோ ஸ்டார் வாசித்தது மர உடல் கொண்ட லட்விக். அதன்பின் கம்பெனிக்கு ஆர்டர்கள் குவிந்தன. அதே 1960களில் லட்விக்கின் அலுமினிய 'சுப்ராபோனிக்' ஒலிப்பதிவுக் கூடங்களைப் பிடித்துக்கொண்டது. மரமா, உலோகமா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. உலோகம் பளீரென்று ஒலித்து நீளும். மரம் 'டப்' என்று கனமாக விழுந்து சீக்கிரம் அடங்கும். நம் ஆடிட்டோரியம் ஏற்கெனவே எதிரொலிக் கூடம். அதனால் மரம்தான் என்று முடிவு செய்தேன். ஒற்றைப் பலகை வேண்டாம். நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட மேப்பிள் பிளை போதும். ஈரத்தில் அது அதிகம் நெளியாது.

ஈரம் என்றதும் என் கதைக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் மேடைக்குப் பின்னாலிருந்த அறை ஒழுகியது. சாவி என்னிடம்தான். ட்ரம்ஸை மாடிக்குத் தூக்கி வைக்கச் சொல்லியிருந்தார் சார். நான் சினிமாவுக்குப் போய்விட்டேன். மறுநாள் பார்த்தால் ஸ்நேர் ஊறிக் கிடக்கிறது! பயத்தில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உச்சிவெயிலில் காய வைத்தேன். பிளை பிரிந்து, வட்டம் நெளிந்து போயிற்று. ரேடியோ கிங்கை உருவாக்கிய அதே ஈரமும் சூடும், எங்கள் ஸ்நேரை முடித்துவிட்டன. "கூரை ஒழுகிடுச்சு சார்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த வருடக் கல்ச்சுரல்ஸில் எங்கள் ஜூனியர் தபேலாவை வைத்துக்கொண்டு சமாளித்தான், பரிசு போனது. அவனிடம் இன்று இந்த மலர் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. கடையில் தோலைக் கழற்றச் சொல்லி, நான்கு திசைகளில் விட்டத்தை அளந்தேன். பிறகு எங்கள் தொழிற்சாலையின் கிரானைட் சமதளத்தில் கவிழ்த்து வைத்து, உள்ளே டார்ச் போட்டு, விளிம்பின் அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். முதல் ட்ரம் கசிந்தது, திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதில் ஒரு கீற்றும் இல்லை.

தம்பி தங்கைகளே, அந்த ட்ரம்தான் இன்று உங்களிடம் வருகிறது. தரையில் வைக்காதீர்கள். நனைந்தால் துடைத்து, தோலைத் தளர்த்தி, நிழலில் ஆற விடுங்கள். முக்கியமாக, அறைச் சாவியை சினிமா பார்க்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள்!