போத்தலுக்கு எத்தனை கட்டை? யாழ்ப்பாணத்துக் கார்களும் கொம்பனிக் கணக்கும்

கார் வாங்கப் போறவையிடம் யாழ்ப்பாணத்தில் முதலில் கேட்கப்படுகிற கேள்வி, "லீற்றருக்கு எத்தனை ஓடும்?" என்பதுதான். விற்கிறவர் ஒரு எண் சொல்லுவார், கொம்பனித் தாளில் இன்னொரு எண் இருக்கும், ஓடிப் பார்த்தால் மூன்றாவது ஒன்று வரும். இந்த மூன்று எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு எங்கட ஊரில் ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் எழுதிப் பார்க்கிறோம்.

லீற்றர் வருவதற்கு முன் கலன் இருந்தது. மைல் எண்டாலும் கட்டை எண்டாலும் ஒன்றுதான். மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1950இல் 'த மோட்டார்' என்ற பிரித்தானியச் சஞ்சிகை அதை ஓட்டிப் பார்த்து, ஒரு கலனுக்கு 42 மைல் என்று எழுதியது. இன்றைய கணக்கில் லீற்றருக்கு 15 கிலோமீற்றருக்குக் கிட்ட. கவனியுங்கோ, அது கொம்பனி சொன்ன எண் இல்லை, வெளி ஆட்கள் றோட்டில் ஓட்டி அளந்த எண். ஆனால் இங்கிலாந்து றோட்டில். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, ஏற்றம் இல்லை, அது காருக்கு நல்லது. மற்றப்பக்கம், ஒழுங்கைக்கு ஒழுங்கை திரும்ப வேணும், மாட்டுக்கும் சைக்கிளுக்கும் நிற்க வேணும். வீட்டிலிருந்து சந்தைக்கும் கோயிலுக்கும் போற குறுந்தூர ஓட்டத்தில் எஞ்சின் சூடாகிறதுக்கு முன்னமே இடம் வந்துவிடும். சூடாகாத எஞ்சின் எண்ணெயைக் கூடக் குடிக்கும்.

1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபின் வந்த பொருளாதாரத் தடை இந்தக் கணக்கையே தலைகீழாக்கியது. பெற்றோல் தடைப் பட்டியலில். மின்சாரமும் இல்லை. மிஞ்சியது மண்ணெண்ணெய், அதுவும் மட்டுமட்டாய். அப்பதான் கராஜுகளுக்குள் தூசி பிடிச்சுக் கிடந்த ஒஸ்ரின் ஏ40களுக்கு மறுவாழ்வு வந்தது. புது யப்பான் கார்கள் நிற்க, கிழட்டு ஒஸ்ரின் ஓடியது.

காரணம் எஞ்சினுக்குள் இருக்கு. மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது. நெருக்கி அமுக்கினால் தீப்பொறி வருமுன்னரே தானாகப் பற்றி எஞ்சின் 'டொக்கு டொக்கு' என்று அடிக்கும். ஐம்பதுகளின் பிரித்தானியக் கார்கள் அந்தக் காலத்து மட்டமான பெற்றோலுக்காகக் கட்டப்பட்டவை. அவற்றின் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. இன்னொரு சிக்கல், மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இதைப் பலர் யாழ்ப்பாண மெக்கானிக்குகளின் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்லுவினம். முழுக்க அப்படியில்லை. பெர்குசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகை, 1949இலிருந்து, தொழிற்சாலையிலேயே இப்படித்தான் செய்யப்பட்டு வந்தது: பெற்றோலில் எழும்பி, மண்ணெண்ணெயைப் போன்ற மலிவு எண்ணெயில் உழும். தொழிற்சாலை வசதியோடு செய்ததை எங்கட ஆக்கள் உதிரிப்பாகமே வராத ஊரில் செய்தார்கள் என்பதுதான் எங்களுக்குப் பெரிசாய்ப் படுகிறது.

சரி, எவ்வளவு ஓடியது? புத்தகக் கணக்குப்படி ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் பெற்றோலைவிடக் கொஞ்சம் கூடுதல் சக்தி இருக்கு. அப்ப கூட ஓட வேணுமே? ஓடாது. அரைகுறையாய் எரிந்து புகையாய்ப் போகும், எரியாதது சிலிண்டர் வழியே வடிந்து எஞ்சின் ஒயிலில் கலக்கும். இதற்கெல்லாம் எந்தக் கொம்பனியும் எண் அச்சடிக்கவில்லை. லீற்றரை விட்டுவிட்டு, போத்தலுக்கு எத்தனை கட்டை என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் போத்தலுக்கு வீட்டில் வேறு வேலையும் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் துளி எண்ணெயும் விட்டு எரித்த விளக்கில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படிச்சது. தோட்டத்து இறைப்பு மெசினும் அதே எண்ணெயில்தான் ஓடியது. வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஒவ்வொரு ஓட்டமும் யாரோ ஒரு பிள்ளையின் விளக்கிலிருந்தும் யாரோ ஒருவரின் வெங்காயப் பாத்தியிலிருந்தும் எடுத்ததுதான்.

பாதை திறந்து யுத்தமும் முடிந்தபின் வந்தவை சின்ன யப்பான் கார்கள். அவற்றோடு கொம்பனி எண்ணும் திரும்பி வந்தது. 2017 சுசுகி வாகன் ஆர் ஹைபிரிட்டின் எண் லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர். இது 'ஜேசி08' என்ற யப்பான் சோதனையில் வந்தது. கார் றோட்டில் ஓடாது, உருளைகளின் மேல் நின்று 20 நிமிடம் சக்கரம் சுற்றும். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர், ஏசி நிறுத்தப்பட்டிருக்கும். சித்திரை வெயிலில் ஏசி போடாமல் பிள்ளைகளோடு நல்லூரிலிருந்து சாவகச்சேரிக்குப் போய்ப் பாருங்கோ! பிறகு யப்பான் உலகப் பொதுச் சோதனைக்கு மாறியபோது, அதே பெயர்க் காரின் எண் 25 சொச்சத்துக்கு இறங்கியது. இடையில் எஞ்சினும் மாறியதுதான், ஆனால் இறக்கத்தின் பெரும்பங்கு அளவுகோல் மாறியதால் வந்தது.

அளவுகோலே பிழைத்த கதையும் உண்டு. 2016 ஏப்ரலில் மிற்சுபிசி, தான் செய்த 6 லட்சத்து 25 ஆயிரம் சின்னக் கார்களின் சோதனைத் தரவைத் திருத்தியதாக ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி நிசானின் பெயரில் விற்றவை, பிடித்ததும் நிசான்தான். அடுத்த மாதமே சுசுகி, காற்றுத் தடையையும் சக்கரத் தடையையும் விதிப்படி வெளியில் ஓட்டி அளக்காமல், பாகம் பாகமாய் உள்ளே அளந்து கூட்டியதாகச் சொன்னது. காரணம், சோதனைத் திடலில் கடற்காற்று அதிகமாம். மீண்டும் அளந்தபோது எண் பெரிதாய் மாறவில்லை என்றும் சொன்னது, அதையும் சேர்த்தே சொல்ல வேணும்.

இந்த எண்கள் வெறும் விளம்பரமில்லை என்று 2022இல் தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்கும் குறைவாயிருந்த பெற்றோல் லீற்றர், யூன் கடைசியில் 470 ரூபாய். பிறகு கியூஆர் அட்டை, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கொம்பனித் தாளின்படி 20 லீற்றரில் 668 கிலோமீற்றர் ஓடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சுமார் 400, ஆக போய்விட்டு வழியில் பாதிக்கு மேல் திரும்பலாம். லீற்றருக்கு 18 தருகிற கார் எண்டால் 360தான், கொழும்பே வராது. மகரகமவுக்கு நோயாளியைக் கொண்டுபோறவைக்கும் கட்டுநாயக்காவில் பிளேனைப் பிடிக்கிறவைக்கும் இந்த வித்தியாசம்தான் பயணமா இல்லையா என்பது. அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவியது. பழைய ஒஸ்ரின் வழியும் அதோடு சரி, கடற்றொழிலாளருக்கு வந்த அடி தனிக் கட்டுரைக்குரியது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தபின் புதுத் தாள்கள் ஊருக்குள் வருகின்றன. யப்பான் தாளில் இப்ப ஒரு எண் இல்லை, பெரிய எண்ணுக்குக் கீழே நகரம், புறநகர், நெடுஞ்சாலை என்று மூன்று சின்ன எண்கள் இருக்கும். கஸ்தூரியார் வீதிக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் ஓடுகிறவை பார்க்க வேண்டியது முதலாவது சின்ன எண்ணை. அதிலும் ஏசிக்கு ஒரு பங்கைக் கழியுங்கோ.